உள்ளங்கைச் சாயம்

கார்த்திகை மாதத்து வெயிலை யாராவது நம்புவார்களா? ஏலவார்குழலி நம்பினாள்.

நம்பித்தான் சாயத் தொட்டியிலிருந்து எடுத்த பட்டு நூல் சிட்டங்களை முற்றத்து மூங்கிலில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். மாம்பழ மஞ்சள். ஈரம் சொட்டச் சொட்ட அத்தனை அழகாக இருந்தது. ஏகாம்பரநாதர் கோபுரத்துக்குப் பின்னால் வானம் எப்போது கறுத்தது என்று அவள் பார்க்கவேயில்லை. பொட்டென்று ஒரு துளி மூக்கின்மேல் விழுந்தபோதுதான் நிமிர்ந்தாள். அடுத்த துளியைத் தேடுவதற்குள் மழையே வந்துவிட்டது...

பாதி காய்ந்த பட்டில் மழை பட்டால் திட்டுத் திட்டாகிப் போகும். அப்பா நமச்சிவாயம் ஊரில் இல்லை. ஆரணியில் ஒரு கருமாதிக்குப் போயிருந்தார். ஒற்றை ஆளாக ஒரு முனையிலிருந்து சிட்டங்களை உருவிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். திரும்பிப் பார்த்தால் மறுமுனையில் யாரோ ஒருவன்! வேலியோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நனைந்த சட்டையோடு, தன் வீட்டுத் துணியைப்போல் அள்ளிக்கொண்டிருந்தான்.

"ஐயோ, தொடாதீங்க!"

தொட்டாயிற்று. அள்ளிக்கொண்டு கொட்டகைக்குள்ளும் வந்தாயிற்று. மேலே இருந்த சிட்டத்தில் ஐந்து விரலும் அச்சடித்ததுபோல் கறுப்பாகப் பதிந்திருந்தது.

"இன்னாங்க இது... ஒத்தாசையா, உபத்திரவமா?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். மை. முழங்கைவரை மை. "சைக்கிள் செயின் கழண்டுச்சுங்க. மாட்டிக்கினு இருந்தேன். மழை வந்துச்சா... அப்படியே ஓடியாந்துட்டேன்."

"கையத் தொடச்சிட்டு ஓடியாரக் கூடாதா?"

"தொடச்சிக்கினு இருந்தா மழை முந்திக்குமே."

சொல்லிவிட்டு அவன் பரிதாபமாக விழித்தான். அந்த முழியைப் பார்த்ததும் அவளுக்கு வந்த கோபம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்தாள். உதடு கேட்டது, கண் கேட்கவில்லை.

அவன் பார்த்தது அந்தக் கண்களைத்தான். பெரிய கண்கள், இமையில் மழை. ஈரத்தில் பிரிந்த பின்னல் இடுப்புக்குக் கீழே கனத்துக் கிடந்தது. பார்க்கக் கூடாதென்று அவன் கூரையைப் பார்த்தான். கூரை ஒழுகியது. கீழே பார்த்தான்... பார்வை அவள் கையில் வந்து நின்றது.

"மருதாணி நல்லா புடிச்சிக்கினு இருக்குதே... இவ்ளோ செவப்பா நான் பாத்ததே இல்ல."

சட்டென்று இரண்டு கைகளையும் அவள் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அது மருதாணி இல்லை என்று சொல்லலாமா? சொல்லவில்லை.

"அந்தச் சிட்டம் வீணாயிடுச்சா?" என்று கேட்டான்.

"அரக்குச் சாயத்துல முக்கினா உங்க கை மறஞ்சிடும்."

"அப்ப எங்கை ஏதோ ஒரு பொடவைக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருக்குமா?"

"ஆமா... கட்டறவளுக்குத் தெரியாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. முகம் சூடேறியது. நல்லவேளை, மழை விட்டது. பெயர் ஆதிகேசவன் என்றும், ஊர் மாகறல் என்றும், வீட்டில் நெல் விவசாயம் என்றும், தனக்குக் கவர்ன்மெண்ட் உத்தியோகம் என்றும் சொல்லிவிட்டுப் போனான். என்ன உத்தியோகம் என்று சொல்லவில்லை. சொன்னால் ஆட்கள் ஓரடி தள்ளி நிற்பார்கள். இவள் தள்ளி நிற்பதை அவன் அன்றைக்குப் பார்க்க விரும்பவில்லை.

ஆக, இருவரும் ஒன்றை ஒளித்தார்கள். அவன் தன் வேலையை... அவள் தன் கையை.

குழலியின் உள்ளங்கைத் தோல் பிறந்ததிலிருந்தே தடிமன். மஞ்சளோடி, மெழுகு பூசியதுபோல் இறுகி, கொம்பைத் தொட்டால் எப்படியோ அப்படி. குளிர்காலத்தில் வெடிக்கும். அப்பாவுக்கும் இதே கைதான், இதே பாதந்தான். புறங்கையோ எல்லாப் பெண்களையும்போல் மெத்தென்றிருக்கும். சாயம் உள்ளங்கையில் ஏறினால் இறங்கவே இறங்காது. எத்தனை தேய்த்தாலும் சிவப்பு அப்படியே நிற்கும்.

அந்த நெசவுத் தெருவில் பெண் பார்க்க வருபவர்கள் பாட்டுப் பாடச் சொல்ல மாட்டார்கள். அறுந்த பட்டு இழை ஒன்றைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொல்வார்கள். தறிக்காரன் வீட்டுக்கு வாழப்போகிறவளுக்கு அது தெரியவேண்டாமா? குழலிக்கு முடிச்சுப் போட நன்றாகவே தெரியும். ஆனால் மயிரிழையினும் மெல்லிய அந்த இழை அவள் கையின் வெடிப்பில் போய்ச் சிக்கிக்கொள்ளும். வந்தவர்கள் காபியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இரண்டாவது முறையும் அப்படி ஆனபோது, இனி யாரையும் வரச்சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். சாயப் பட்டறை இருக்கிறது, அப்பா இருக்கிறார், போதும் என்று மனசைத் தேற்றியும் வைத்திருந்தாள்.

அந்த மனசில்தான் இப்போது ஐந்து கறுப்பு விரல்கள்.

மறுநாள் காலை தெருவே குழாயடியில் கூடியிருந்தது. குஷ்டரோகப் பரிசோதனை, ஒருவர் விடாமல் வரவேண்டும் என்று தண்டோராப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். மேசை போட்டு உட்கார்ந்திருந்த சுகாதார இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் குழலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றைய மழைக்காரன்!

அவனும் அவளைப் பார்த்தான். கன்னம் லேசாகச் சிவந்தது. 'இதான் என் உத்தியோகம்... தள்ளி நில்லு, பரவாயில்ல' என்று அந்தக் கண்கள் சொல்வதுபோல் இருந்தது.

அவள் தள்ளி நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று கால் சொன்னது, மனசு வேறு சொன்னது. நாள் முழுக்கக் கைகளையும் கால்களையும் பார்க்கிறவர். முகம் சுளிக்காமல் பார்க்கத் தெரிந்தவர். இவரிடம் காட்டினால் என்ன? வாழ்க்கையில் ஒருவரிடமாவது ஒளிக்காமல் காட்டினால் என்ன?

அவள் முறை வந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் தானாகவே விரித்து நீட்டினாள்.

ஆதிகேசவன் குனிந்து பார்த்தான். மருதாணி இல்லை... தடித்த தோல், சிவப்பேறிய திட்டு, ஓரங்களில் மஞ்சள். "கண்ண மூடிக்கங்க. இறகு எங்க படுதோ அங்க ஒரு வெரல வையுங்க" என்றான்.

குழலி கண்களை மூடினாள். உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. அவன் தொடப்போகிறான்... கோழி இறகின் நுனியால்தான், ஊரே பார்க்கத்தான், இருந்தாலும் அவன் தொடப்போகிறான். காத்திருந்தாள்.

இறகு பெருவிரல் மேட்டில் பட்டது. அவள் அசையவில்லை. நடு உள்ளங்கையில் பட்டது. அசையவில்லை. மற்றக் கையிலும் பட்டது.

"இன்னும் தொடலையா?" என்று கேட்டாள் குழலி, கண்ணைத் திறக்காமலே, சிரித்துக்கொண்டே.

குழாயடி அடங்கிப்போனது. பக்கத்து வீட்டு அலமு வாயில் கைவைத்துக்கொண்டாள்.

ஆதிகேசவனுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. படித்தது மறந்தது. பழகியது மறந்தது. இவளுக்கா, இவளுக்கா என்று உள்ளே ஒன்று அலறிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் பேசியது. "உணர்ச்சி இல்ல. நீங்க ஆஸ்பத்திரிக்கு வரணும்."

அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் கண்ணைத் திறந்தபோது அலமு தன் பிள்ளையைக் குழாய் மேடையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். பெருவியாதி என்ற வார்த்தையை ஒருவரும் உச்சரிக்கவில்லை. உச்சரிக்க என்ன இருக்கிறது?

அன்று மாலையே குழாயின் கைப்பிடியைப் புளிபோட்டுத் தேய்த்தார்கள். சாயத்துக்கு வந்திருந்த பட்டை ஒவ்வொருவராக வந்து திருப்பி எடுத்துக்கொண்டார்கள். "பண்டிக வருதுமா... வேற எடத்துல சீக்கிரம் தரேன்றாங்க" என்றார்கள். இத்தனை நாளும் இல்லாத அவசரம் இப்போது எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பங்குனி உத்திரத்துக்கு அம்மனுக்குச் சார்த்த அந்தத் தெருவார் கட்டளையாக ஒரு கூறைப் புடவை நெய்து கொடுப்பது வழக்கம். அதற்கு அரக்குச் சிவப்பு ஏற்றுவது நமச்சிவாயத்தின் பட்டறைதான். அம்மன் பெயர் ஏலவார்குழலி. அந்தப் பெயரைத்தான் மகளுக்கு வைத்திருந்தார். அந்தப் பட்டும் இந்த வருஷம் வேறு பட்டறைக்குப் போகும் என்று முடிவாயிற்று.

எல்லாம் போகட்டும் என்றிருந்தாள் குழலி. அந்த மழைக்காரர் முகம் சுளிக்காமல் பார்ப்பார் என்று நினைத்தோமே... அதுதான் ஆறவில்லை.

ஆரணியிலிருந்து நமச்சிவாயம் திரும்பிய அன்றே ஆதிகேசவன் வந்து நின்றான். முகத்தில் தாடி. அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வந்திருந்தான். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம், மனசு கேட்கவில்லை.

நமச்சிவாயம் கோபக்காரர் இல்லை. எதிரே வந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். "இத்தப் பாருப்பா தம்பி. இது இன்னா வியாதின்னு சொல்லு. எங்கப்பனுக்கும் இதே கைதான். எம்பது வயசு வரைக்கும் சாயம் முக்கினவரு."

அதே மஞ்சள். அதே இறுக்கம். குஷ்டம் இப்படி இரண்டு கையிலும் ஒரே அளவாக, பிறந்ததிலிருந்து, வழிவழியாக வராதே! பையிலிருந்து இறகை எடுத்தான். வைத்துவிட்டான். பேனாவின் மூடியை எடுத்துக் குழலியின் உள்ளங்கையில் அழுத்தினான். கண் மூடிய குழலி அந்த இடத்தில் விரலை வைத்தாள். அழுத்திய இடமெல்லாம் சரியாகச் சொன்னாள். பிறகு கையைத் திருப்பி, மெத்தென்ற புறங்கையில் இறகை மெல்ல ஓட்டினான்.

அவளுக்குத் தோள்வரை சிலிர்த்தது. "தெரியுது" என்றாள். குரலில் கோபமும் இருந்தது, அழுகையும் இருந்தது.

"தடிச்ச தோல்ல இறகு தெரியாதுன்றது எனக்குப் படிச்சுக் குடுத்ததுதான். அன்னிக்கே இந்தப் பக்கம் திருப்பிப் பாத்திருந்தா..."

"அன்னிக்கி நீங்க எம்மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தீங்க. கையப் பாக்கல."

அவன் இறகைப் பைக்குள் போட்டு மூடினான்.

உறுதி செய்துகொள்ள மூன்று பேருமாக மதராஸுக்குப் போனார்கள். தோல் டாக்டர் கமலாட்சி கிருமி இருக்கிறதா என்று காதுமடலில் கீறிப் பார்த்தார், உள்ளங்கையில் ஒரு கடுகளவு சதை எடுத்தார், மறுமுறை வரச்சொல்லி விவரம் சொன்னார்.

"குஷ்டம் இல்லை. எந்தக் கிருமியும் இல்லை. ஒட்டவே ஒட்டாது. தோலோட மேல்தட்டுல கெரட்டின்னு ஒரு சத்து இருக்கும்மா. நகம், மாட்டுக்கொம்பு எல்லாம் அந்த ஜாதிதான். நீ வளத்து வச்சிருக்கியே இந்தக் கூந்தல், இதுவும் அதுதான். நம்ம தோல் கிழிஞ்சி போகாம இழுத்துப் பிடிச்சிக்கிட்டு இருக்கறதே அந்தச் சத்துதான். உங்க குடும்பத்துல உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் மட்டும் அந்தத் தட்டு உதிர வேண்டிய நேரத்துல உதிராம அடுக்கடுக்கா தங்கிடுது."

"அதான் இறகு பட்டது தெரியலையா டாக்டர்?" என்றான் ஆதிகேசவன்.

"செருப்பு மேல எறும்பு ஊர்ந்தா காலுக்குத் தெரியுமா?"

"சாயம் ஏன் இறங்க மாட்டேங்குது?" என்று நமச்சிவாயம் கேட்டார். தொழில் சந்தேகம்.

"கம்பளியும் பட்டும் பிடிச்சிக்கிற சாயத்தை இதுவும் பிடிச்சிக்குது. எல்லாமே புரதந்தானே. வெடிப்புக்குக் களிம்பு தரேன். கொஞ்சம் மெலியும், முழுசாப் போகாது. இந்தச் சத்து எந்த இடத்துல தப்புப் பண்ணுதுன்னு இன்னிக்கு எங்களுக்கே தெரியாது. என்னிக்காவது தெரியும்."

எழுந்திருக்கும்போது குழலி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பொறக்கற பிள்ளைக்கும் வருமாங்க?"

டாக்டர் பூசி மெழுகவில்லை. "ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. வரலாம். வராமலும் போகலாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வியாதி இல்லை என்ற சந்தோஷம் அவள் முகத்தில் ஏன் இல்லையென்று ஆதிகேசவனுக்குப் புரியவில்லை.

அடுத்த நாள் அதே குழாயடியில் அவன் நின்றான். "அன்னிக்கி நான் சொன்னது தப்பு. அந்தப் பொண்ணுக்கு எந்த வியாதியும் இல்ல. பாக்கத் தெரியாம பாத்தது நான்தான்" என்று உரக்கச் சொன்னான். வீடு வீடாக ஏறியும் சொன்னான். தலையாட்டினார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் அலமு, "இன்னாத்துக்கு இவன் இந்த அலைச்சல் அலையறான்? அவ மேல ஒரு கண்ணு போலருக்குது" என்றாள். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஒரு பேச்சால் அவன் சொன்ன அத்தனையும் அடிபட்டுப் போயிற்று. கெட்ட சேதியை ஒரே வார்த்தையில் நம்பியவர்கள் நல்ல சேதிக்குச் சாட்சி கேட்டார்கள்.

தை பிறந்ததும் அவன் பட்டறைக்கு வந்து நமச்சிவாயத்தின் முன் நின்றான்.

"ஐயா... நான் குழலியக் கட்டிக்கிறேன். நாங்க வேற ஜனம், நீங்க வேற ஜனம்னு தெரியும். எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். அழுவுறாங்க. அழுது முடிக்கட்டும்."

நமச்சிவாயம் மகளைப் பார்த்தார். குழலி அடுப்புக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள்.

"செஞ்ச தப்புக்குப் பரிகாரமாங்க இது? அப்படின்னா கோயில்ல வெளக்கு ஏத்துங்க. என்னக் கேக்காதீங்க."

"பரிகாரம் இல்ல குழலி..."

"வேற இன்னா? அன்னிக்கி அத்தன பேருக்கு முன்னால கைய விரிச்சேன். யாருக்கும் விரிக்காத கைய. நீங்க பயந்துட்டீங்க. உங்க கண்ணுல பாத்தேன். இப்ப டாக்டர் சொன்னப்புறம் பயம் தெளிஞ்சிடுச்சு, பாவமா இருக்குது... அவ்ளோதானே?" மூச்சு வாங்கியது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "பாதிக்குப் பாதின்னு அவங்க சொன்னாங்களே, கேட்டீங்கல்ல? இந்தக் கையோட இன்னொரு உசுரு இந்தப் பூமிக்கு வேணாங்க. என்னோட போவட்டும்."

நமச்சிவாயம் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தார். எழுந்து தொட்டிக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்.

ஆதிகேசவனும் போனான். அதற்குப் பிறகு பட்டறைக்குள் வரவில்லை. ஆனால் தினமும் காலையில் அந்த வழியாக ஒரு சைக்கிள் மணி போகும். வேலியருகே கொஞ்சம் மெதுவாகும். நிற்காது. குழலி தலையைத் தூக்க மாட்டாள். மணி கேட்காத நாளில் மட்டும் சாயம் அளவு தப்பிப் போகும்.

பங்குனி நெருங்கியது. ஒரு நாள் அலமு வந்து வாசலில் நின்றாள். அவள் கையில் வெள்ளைப் பட்டு மூட்டை, கூடவே புருஷன் முருகேசன். கட்டளைக்கு அவர்தான் அந்த வருஷம் பொறுப்பு.

"அண்ணே... வெளியில குடுத்தோம். செவப்பு உக்காரவே இல்ல. அலசினா பூரா தண்ணில போவுது. அம்மனுக்கு அதப் போயி எப்படிச் சார்த்தறது?" என்றார் முருகேசன்.

அலமு தரையைப் பார்த்துக்கொண்டே, "குழலி... நான் அன்னிக்கி..." என்று இழுத்தாள்.

நமச்சிவாயம், "எங்கையில ஒண்ணுமில்ல. எம்பொண்ணக் கேளுங்க" என்றார்.

தெருவே சேர்ந்து பிடுங்கியதை இப்போது கொண்டுவந்து நீட்டுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தை போதும். குழலி அந்த வெள்ளைப் பட்டையே பார்த்தாள். பிறகு மூட்டையை வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையை நீட்டித்தான் வாங்கினாள். அலமு கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அப்பாவும் மகளுமாகத் தொட்டியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். மற்றவர்கள் கோல் விட்டுப் புரட்டுகிற சூட்டில் இவர்கள் சிட்டத்தை உள்ளங்கையில் ஏந்தியே புரட்டுவார்கள். அந்தத் தடித்த தோல் தாங்கும். எந்த இழைக்குச் சாயம் போய்ச் சேரவில்லையென்று பிரித்துப் பிரித்து முக்கலாம். ஆவி முகத்தை மறைத்தது. அந்த ஆவிக்குள்ளிருந்து நமச்சிவாயம் கேட்டார்.

"குழலி... நான் உன்னப் பெத்தது தப்பாமா?"

அவள் கை நின்றது. "இன்னா நைனா இது?"

"இல்ல... அன்னிக்கி அந்தத் தம்பிகிட்ட சொன்னியே. இந்தக் கையோட இன்னொரு உசுரு வேணாம்னு. எனக்கும் தெரியும், இது உனக்கு வரலாம்னு. எங்கப்பனப் பாத்தவன்தானே நானு? நீ பொறந்தப்ப உன் கையத்தான் மொதல்ல விரிச்சுப் பாத்தேன். அப்பறம் உன்னத் தூக்கப் பயந்தேன். இந்த முரட்டுக் கை பட்டு ஒடம்பு கீறிடுமேன்னு. புறங்கைய அண்டக் குடுத்து, ரெண்டு மணிக்கட்டாலயும் ஏந்திக்கினுதான் உன்னத் தாலாட்டினேன். உங்கம்மா சிரிப்பா. உசுரு போறப்ப அவ இந்தக் கையத்தான் கெட்டியாப் புடிச்சிக்கினு போனா. உள்ளங்கைய."

குழலி அழுதாள். அப்பா தன் கன்னத்தைப் புறங்கையால்தான் தடவுவார். அது அவருடைய வழக்கம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"தப்பில்ல நைனா... தப்பே இல்ல. ஐயோ, நான் உன்ன நெனச்சு சொல்லல."

"என்ன நெனைக்காம அந்தக் கையப் பத்திப் பேச முடியுமா கண்ணு?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. சிட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சிவப்பு ஆழமாக, ஒரே சீராக ஏறியிருந்தது. "நல்லா உக்காந்துடுச்சு. அலசிக் காயப்போடு. முருகேசன் வந்து பாக்கணும்னான், கூட்டியாரேன்."

மூங்கில் முழுக்க அரக்குச் சிவப்பு. குழலி அதன் நடுவே நின்றாள். அழுத கண் காயவில்லை. கோடை வெயில் சுள்ளென்று அடித்தது. இந்த வெயிலையாவது நம்பலாம் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

பொட்டென்று ஒரு துளி.

நிமிர்ந்து பார்த்தாள். திரள் திரளாகக் கறுத்துக்கொண்டு கோடைமழை... "ஐயோ, அம்மன் பட்டு!" அள்ளினாள், ஓடினாள், திரும்பினாள். மறுமுனைக்கு எட்டாது. சாலையில் சைக்கிள் மணி. மெதுவாகும் இடத்தில் மெதுவாயிற்று.

இந்த முறை அவளே வேலியைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஏங்க!... வாங்களேன்!"

சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. ஆதிகேசவன் ஓடிவந்தான். மூங்கிலுக்கு அருகில் வந்ததும் நின்று, இரண்டு கைகளையும் சட்டையில் அழுத்தித் துடைத்து, விரித்துக் காட்டினான். "சுத்தமா இருக்குது!"

"காட்டாதீங்க, எடுங்க!"

கடைசிச் சிட்டம் கொட்டகைக்குள் வந்தபோது மழை சடசடவென்று இறங்கியது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. கார்த்திகையில் நின்ற அதே இடத்தில் இருவரும் நின்றார்கள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன்" என்றான் அவன். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க கேட்டீங்களே பரிகாரமான்னு... நான் தப்புப் பண்ணது மறுநாள். மனசு போனது முந்தின நாளு. இங்கயே, இந்தக் கூரைக்குக் கீழேயே. அப்பறம் அது எப்படிங்க பரிகாரம் ஆவும்?"

குழலி கையிலிருந்த சிட்டத்தை இறுகப் பிடித்தாள்.

"பயந்தது நெசந்தான். தெனமும் எத்தன பேரப் பாக்கறேன், யாருக்கும் நான் இப்படிப் பயந்தது இல்ல. உங்கள இழந்துடுவேன்னு பயந்தேன். அந்தப் பயத்துல கண்ணு போயிடுச்சு. எனக்கு உங்க மேல ஆசை குழலி. பாவம் இல்ல. ஆசை."

மழைச் சத்தத்தையும் மீறி அந்தச் சொல் அவளுக்குக் கேட்டது. கீழே குனிந்துகொண்டாள். "பிள்ளைக்கு வந்துச்சுன்னா..."

"உங்க நைனா இருக்காரு. எப்படி வளக்கறதுன்னு அவரக் கேட்டுக்கறேன்."

அவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். அவனுக்கு எதுவும் தெரியாது. ஆவிக்குள் அப்பா சொன்னது எதையும் அவன் கேட்கவில்லை. தெரியாமலே சரியான ஆளைச் சொல்லிவிட்டான். அவளுக்குள் இத்தனை மாதமாக இறுகிக் கிடந்தது கரைந்து கண் வழியாக வந்தது.

"கண்ண மூடுங்க" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"மூடுங்கன்னா மூடுங்க. எனக்கு மட்டும் பண்ணீங்கல்ல... கைய நீட்டுங்க. எங்க படுதோ சொல்லணும்."

ஆதிகேசவன் கண்களை மூடிக் கையை விரித்தான். குழலி சிட்டத்திலிருந்து ஒரு சிவப்பு இழையை உருவினாள். அதன் நுனியை அவன் உள்ளங்கைக்கு அருகில் கொண்டுபோனாள். அது வழக்கம்போல் அவள் கையின் வெடிப்பில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஒரு கணம் அதையே பார்த்தாள். பிறகு இழையை அப்படியே விட்டுவிட்டு, தன் முழு உள்ளங்கையையும் அவன் கைமேல் வைத்து அழுத்தினாள். மஞ்சளோடித் தடித்து, வெடித்து, அரக்கேறிய அந்தக் கையை, முதல்முறையாக ஒருவர் மேல்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. அவன் விரல்கள் மெல்ல மடிந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டன.

"தெரியுதா?" என்றாள், மூச்சுக்குள்.

"தெரியுது... சூடா இருக்குது."

வேலிக்கு அப்பால் குடையைப் பிடித்துக்கொண்டு அப்பாவும் முருகேசனும் வந்துகொண்டிருந்தார்கள். பார்த்துவிடுவார்கள். குழலி கையை எடுக்கவில்லை.

"எனக்குந்தான் தெரியுது" என்றாள்.